டிஸ்ப்ளே வரலையா? போர்டு போச்சுன்னு முடிவு கட்டாதீங்க

"கேபினெட் மாத்தினோம். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரலை. போர்டு போயிடுச்சா?"

தில்லிக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. பொட்டி தட்டுகிற வேலை என்று தெரிந்துவிட்டதால், இந்த ஒரு கேள்வியை மயூர் விஹாரில் இருந்து துவாரகா வரைக்கும் எத்தனை தமிழ் வீடுகளில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நான் பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. ஸ்க்ரூடிரைவருக்கும் என் சம்பளத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. ஆனால் அதை யாருக்குச் சொல்லிப் புரிய வைப்பது? நம்ம மக்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் :-)

கேபினெட் மாற்றுவதற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்து வீடு மாறும்போது டெம்போவில் அடிபட்டு நசுங்கியிருக்கும். மே, ஜூன் மாதங்களில் இங்கே 'ஆந்தி' என்று ஒரு புழுதிக்காற்று அடிக்கும். அது பழைய பெட்டிக்குள் மெத்தை மாதிரி மண்ணை அப்பி வைத்திருக்கும். பையன் புதிதாக கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருப்பான், அது பழைய பெட்டிக்குள் நுழையாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததும், புதுசு வாங்குவதற்குப் பதில் பழசையே தட்டிக்கொட்டி லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கியவர்களும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று வரை ஓடிய பொட்டி, கேபினெட் மாற்றிய பிறகு டிஸ்ப்ளே காட்டவில்லை என்றால், எதுவும் சாகவில்லை என்று நம்பித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் படக்கூடாத இடத்தில் எதுவோ படுகிறது. 'போர்டு போச்சு' என்பது எல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாக வர வேண்டிய வார்த்தை. நம்மிடம் அதுதான் முதலில் வருகிறது. அதில் போவது பணம் மட்டும் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிஸ்ப்ளே வரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் வந்துவிடுவதில்லை. முதலில் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் ஒரு சுற்றுப் பரிசோதனை செய்கிறது. ப்ராசசர் இருக்கிறதா, ரேம் இருக்கிறதா, படம் காட்ட கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும். இதெல்லாம் தேறினால்தான் திரையில் முதல் எழுத்தே வரும். ஹார்ட் டிஸ்கின் முறை அதற்கும் பிறகுதான்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஹார்ட் டிஸ்கே இல்லாத போர்டு கூட 'பூட் ஆக எதுவும் கிடைக்கவில்லை' என்று திரையில் புலம்பும். அதாவது திரை முழுக் கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் அந்த முதல் பரிசோதனையிலேயே சிக்கியிருக்கிறது. உங்கள் போட்டோக்களுக்கும் பைல்களுக்கும் அதில் சம்பந்தமே இல்லை. ஆகவே யாராவது 'விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்' என்று சொன்னால், டீயைக் கொடுத்து வாசல் வரை வழியனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஃபேன் சுற்றினால் 12 வோல்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். எல்லாம் சரி என்றும் அர்த்தம் இல்லை, போர்டு போச்சு என்றும் அர்த்தம் இல்லை.

எந்த வரிசையில் பார்ப்பது?

கை வைப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் மிச்சம் மீதி கரண்டும் இறங்கிவிடும். தில்லிக் குளிர்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஜனவரியில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கதவுக் கைப்பிடியைத் தொட்டால் 'சுரீர்' என்று அடிக்கிறதே, அந்த நிலை மின்சாரம் நம் விரலுக்கு உறைக்க வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ரேமையும் போர்டையும் கெடுக்க அதைவிடக் குறைவே போதும். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பெயின்ட் இல்லாத இரும்பு எதையாவது தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பெட்டிக்கு வெளியே பாருங்கள். மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும். மேலே போர்டில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் சொருகினால் பல பொட்டிகளில் ஒன்றும் வராது. இன்டெல் ப்ராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸே கிடையாது. ஏ.எம்.டி. ரைசனில், 2022-இல் வந்த 7000 வரிசைக்கு முந்தைய டெஸ்க்டாப் மாடல்களில் 'ஜி' என்று முடிபவற்றில்தான் உண்டு. மானிட்டரில் எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இந்த இரண்டிலேயே பாதிப் பேர் கரையேறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கரண்ட். எஸ்.எம்.பி.எஸ்.-இல் இருந்து போர்டுக்கு இரண்டு இணைப்பு போக வேண்டும். பெரியது 24 பின். அது எல்லோர் கண்ணிலும் படும். இன்னொன்று ப்ராசசருக்குப் பக்கத்தில், போர்டின் மேல் மூலையில் இருக்கும் 4 பின் அல்லது 8 பின். கேபினெட் மாற்றும்போது மறந்துபோவது இதைத்தான். புதுப் பெட்டியில் அந்த மூலை கைக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. இதைச் சொருகாவிட்டால் ஃபேன் எல்லாம் ஜம்மென்று சுற்றும், ப்ராசசருக்கு மட்டும் சோறு கிடைக்காது. கிராபிக்ஸ் கார்டின் தலையில் 6 பின், 8 பின் என்று ஓட்டை இருந்தால் அதற்கும் தனி வயர் கொடுக்க வேண்டும். கார்டுக்கான 8 பின்னும் ப்ராசசருக்கான 8 பின்னும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது. பொருந்தவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது ரேம். பெட்டியைத் தூக்கி, சாய்த்து, திருப்பி எடுக்கும்போது ரேம் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் போதும், திரை கறுப்புதான். எல்லா ரேமையும் கழற்றி, ஒன்றை மட்டும் 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்திப் பொருத்துங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். நேரு பிளேஸ் மெக்கானிக்கில் இருந்து ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக் வரை எல்லோரும் செய்யும் வைத்தியம் இது.

நான்காவது, முன்பக்க பட்டன்களில் இருந்து வரும் மெல்லிசான வயர்கள். பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச், இரண்டு லைட். இடம் மாறினால், அல்லது புது கேபினெட்டின் ரீசெட் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால், பொட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் போர்டு ஆன் ஆகும். எந்தப் பின் என்று மேனுவலில் படம் போட்டிருக்கும். மேனுவல் தொலைந்திருந்தால் போர்டின் மேலேயே மாடல் நம்பர் அச்சடித்திருக்கும், அதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது சிமாஸ் பேட்டரி. ஐந்து ரூபாய் நாணயம் போல வட்டமாக இருக்கும், சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். அதைக் கழற்றி ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் முதல் நிலைக்குப் போய்விடும். ஆனால் ஹார்ட் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள், காரணம் கீழே வருகிறது. டி.டி.ஆர். 5 ரேம் போட்ட புதிய பொட்டியாக இருந்தால் இதற்குப் பிறகு பொறுமை வேண்டும். ரேமை முதலில் இருந்து பழகிக்கொள்ளச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலில் இருந்து.

இவ்வளவும் செய்து ஒன்றும் நடக்கவில்லையா? இப்போதும் போர்டு போகவில்லை :-) போர்டைப் பெட்டியை விட்டு வெளியே எடுங்கள். அட்டைப்பெட்டி மேல் வைத்து ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், கரண்ட் வயர் இரண்டு, மானிட்டர் கேபிள், இவ்வளவு மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். ப்ராசசரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும் வேண்டும். கூலரைக் கழற்ற வேண்டாம். அது பழைய ஏ.எம்.டி. போர்டுகளில் ப்ராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். வெளியே வைத்து டிஸ்ப்ளே வந்துவிட்டால் குற்றவாளி கேபினெட்தான். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. நான் பார்த்த கடைகளில் அதிகம் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

ஒரு திருநெல்வேலி வீட்டுக் கதை

எங்கள் சொசைட்டியில் அடுத்த பிளாக்கில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர் மத்திய அரசு வேலை, பாதி நாள் டூரில் இருப்பார். பையன் பதினொன்றாம் வகுப்பு. 2017 வாக்கில் வாங்கிய பொட்டி, புதுப் பெரிய கேபினெட்டுக்கு அவனே மாற்றினான். டிஸ்ப்ளே வரவில்லை. அம்மா ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பக்கத்து மூடியைத் திறந்து வேறு ரேமைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு: போர்டு அவுட். அந்த மாடல் போர்டு இப்போது வருவதில்லை. புது போர்டு போட்டால் பழைய ப்ராசசர் பொருந்தாது, அதையும் மாற்ற வேண்டும், ரேமையும் மாற்ற வேண்டும். மொத்தம் பதினாறாயிரம்.

அவர்கள் வீட்டில் பதினாறாயிரம் என்பது அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர எடுத்து வைத்திருந்த பணம். அதைவிடப் பெரிய கவலை வேறு. அந்த அம்மாவின் அப்பா தவறிப்போய் ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அவருடைய போட்டோக்கள், அறுபதாம் கல்யாண வீடியோ எல்லாம் அந்தப் பொட்டியில்தான். வேறு எங்கேயும் காப்பி கிடையாது.

"அண்ணே, பணம் போனாக்கூடப் பரவால்ல. அப்பா போட்டோ எல்லாம் அதுலதான் கெடக்கு. கடைல குடுக்கறதுக்கு முன்னால நீங்க ஒரு மட்டம் பாத்துருங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கை வைத்தது எல்லாம் பையன்தான், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டேன். கேபிள் சரி. இரண்டு கரண்ட் இணைப்பும் சரி. ஒரு ரேம் போட்டுப் பார்த்தாயிற்று, இல்லை. அப்புறம் எல்லா ரேமையும் கழற்றச் சொன்னேன். என்னிடம் நாலு பின் குட்டி ஸ்பீக்கர் ஒன்று உண்டு. இப்போதைய கேபினெட்டுகளில் அதைக் கொடுப்பதே இல்லை. ரேமே இல்லாமல் ஆன் செய்தால், உயிருள்ள போர்டு 'ரேம் எங்கே' என்று பீப் பீப் என்று கத்த வேண்டும். கத்தவில்லை. பையன் முகம் சுண்டிவிட்டது. "அங்கிள், அப்போ நெஜமாவே போர்டு போயிடுச்சா?"

"வெளிய எடுப்பா" என்றேன்.

போர்டைத் தூக்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. கேபினெட்டின் உள் தகட்டில் போர்டைத் தாங்க பித்தளைக் குட்டித் தூண்கள் போடுவார்கள், ஸ்டாண்டாஃப் என்பார்கள். போர்டில் எங்கெங்கே ஸ்க்ரூ ஓட்டை இருக்கிறதோ அதற்கு நேர் கீழே மட்டும்தான் அவை இருக்க வேண்டும். ஆனால் தகட்டில் தூணுக்கான துளைகள் அதைவிட அதிகம் இருக்கும். இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுக்கு ஒரு அமைப்பு, 1997-இல் வந்த சின்ன மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவுக்கு இன்னொரு அமைப்பு, எல்லாம் ஒரே தகட்டில். பையன் 'ஸ்ட்ராங்கா நிக்கட்டும்' என்று பையில் வந்த எல்லாத் தூண்களையும் எல்லாத் துளைகளிலும் முறுக்கியிருக்கிறான். அதில் ஒன்று ஓட்டையே இல்லாத இடத்தில், போர்டின் அடியில் இருக்கும் ஈயப்பற்று மேல் முட்டிக்கொண்டு நின்றது. பித்தளை, இரும்புத் தகடு, போர்டு. மூன்றும் தொட்டுக்கொண்டு ஷார்ட்.

ஸ்விக்கி அட்டைப்பெட்டி மேல் போர்டை வைத்து, ஸ்க்ரூடிரைவரால் தொட்டோம். பீப் என்று கத்தியது. ரேமைப் போட்டு மறுபடி தொட்டதும் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அந்த அம்மா சமையலறையில் இருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்ப உள்ளே போய்விட்டார். அதிகப்படியான தூண்களைக் கழற்றி எல்லாம் பழையபடி பூட்டி முடிக்க ஒரு மணி நேரம். செலவு பூஜ்யம். எனக்குச் சம்பளம் சொதியும் இஞ்சிப் பச்சடியும்.

இதே மாதிரி இன்னொரு வில்லன், பின்பக்கம் வைக்கும் தகடு. அதில் இருக்கும் சின்ன நாக்குகள் யு.எஸ்.பி. ஓட்டைக்குள் மடங்கிக்கொள்வது உண்டு. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கடைக்காரர் திருடரா?

இல்லை என்றுதான் சொல்வேன். இதில் நம் பங்கும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து போர்டைக் கழற்றி, வெளியே வைத்துச் சோதித்து, ஒரு தூணைக் கழற்றிவிட்டு 'சரியாயிடுச்சு, எழுநூறு ரூபா கொடுங்க' என்று அவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 'எதையுமே மாத்தலையே, எதுக்கு எழுநூறு?' என்போம். பொருள் மாற்றினால்தான் காசு கொடுப்போம் என்று நாமே அவரைப் பழக்கி வைத்திருக்கிறோம். பார்த்ததற்குக் காசு கொடுக்க நமக்கு மனசே வருவதில்லை. டாக்டர் மருந்து எழுதாமல் 'ஒண்ணும் இல்லை, போங்க' என்றால் ஃபீஸ் கொடுக்கிறோமே, அது மாதிரிதான் இதுவும்.

அதனால் கடைக்குப் போவதாக இருந்தால் இப்படிப் போங்கள். 'என்ன பழுதுன்னு கண்டுபிடிக்கத் தனியா காசு தர்றேன், எதையும் மாத்தறதுக்கு முன்னால எங்கிட்ட கேளுங்க, போர்டை வெளிய எடுத்து வச்சு டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க.' நேரு பிளேஸில் இப்படிக் கேட்டால் முகம் மலர்ந்து வேலை செய்யும் கெட்டிக்கார மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் யாராவது தங்கள் மூளைக்குக் காசு கொடுத்தால் சந்தோஷம்தான்.

பதினாறாயிரத்துக்கு மேல் என்ன போகும்?

ஒன்று, டேட்டா. போர்டை மாற்றுவது இப்போதெல்லாம் முன்பு மாதிரி இல்லை. விண்டோஸ் 11-இன் 2024 வெளியீட்டில் (24எச்2) இருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. பூட்டைத் திறக்கும் ரகசியம் டி.பி.எம். என்ற பகுதியில் இருக்கும், அது போர்டோடும் ப்ராசசரோடும் சேர்ந்தது. அவற்றை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். சில சமயம் சிமாஸைத் துடைத்தாலே கேட்கும். எண் இல்லை என்றால் போட்டோ இல்லை, வீடியோ இல்லை. எதைச் செய்வதற்கு முன்னாலும் வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், தாளில் எழுதி வையுங்கள். திருநெல்வேலி வீட்டுப் பொட்டி பழசு, இந்தப் பூட்டு இல்லை. உங்கள் வீட்டில் இருக்கலாம்.

கடைக்குக் கொடுக்கும்போது முடிந்தால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். டிஸ்ப்ளே வரவைக்க அது தேவையே இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆதார் ஸ்கேனும் பேங்க் ஸ்டேட்மென்டும் பொம்பளைப் பிள்ளைகளின் போட்டோவும் இருக்கும் டிஸ்க், முன்பின் தெரியாத மேஜையில் நாலு நாள் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, தூக்கிப்போடும் பழைய போர்டு எங்கே போகிறது என்பது. வடகிழக்குத் தில்லியில் சீலம்பூர் இருக்கிறது. பழைய எலெக்ட்ரானிக் சாமான்களை உடைத்துப் பிரிக்கிற இடம். வெறும் கையால், அமிலத்தில் முக்கியும் எரித்தும் செம்பைப் பிரித்தெடுக்கிறார்கள். மின்கழிவு மேலாண்மைக்குப் புது விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. இருந்தாலும் கபாடிவாலாவிடம் எடைக்குப் போடும் போர்டு அந்தத் தெருவுக்குப் போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நன்றாக ஓடுகிற ஒரு போர்டு, ஒரு பித்தளைத் தூணுக்காக அங்கே போகலாமா? பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. உரிமை எல்லாம் சரிதான், முதலில் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்க வேண்டாமா?

எப்போது நிறுத்த வேண்டும்?

எதிர்வாதம் எனக்கும் தெரியும். 'ஆபீஸ்ல ஆணி புடுங்கவே நேரம் பத்தலை, இதுல ஸ்க்ரூ வேற புடுங்கணுமா?' நியாயம்தான். எல்லோரும் எல்லாமும் செய்ய வேண்டியது இல்லை. சில இடங்களில் கட்டாயம் கையை எடுத்துவிட வேண்டும். கருகல் வாசனை வந்தாலோ, போர்டில் ஏதாவது வெடித்தோ உப்பியோ இருந்தாலோ, ப்ராசசர் சாக்கெட்டில் பின் வளைந்திருந்தாலோ கடைக்குக் கொடுத்துவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும், ஆளையே தூக்கிவிடும். பழைய எஸ்.எம்.பி.எஸ். பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-இல்தான் இருக்க வேண்டும். அதைப் பிள்ளைகள் நகர்த்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, வயர் சொருகுவதும் ரேம் பொருத்துவதும் மிக்ஸி ஜாரைப் பூட்டுவதை விடக் கஷ்டமான வேலை இல்லை. பிரஷர் குக்கர் கேஸ்கட்டை நாமே மாற்றுகிறோம், கேஸ் சிலிண்டரை நாமே மாட்டுகிறோம். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரை விட்டு வந்த நமக்குச் சட்டென்று கூப்பிட சித்தப்பாவோ மாமாவோ பக்கத்துத் தெருவில் இல்லை. ஃபேன் ஓடவில்லை என்றால் 'எலக்ட்ரீஷியன் நம்பர் யார்ட்டயாவது இருக்கா' என்று வாட்ஸப் குழுவில் கேட்கிற வாழ்க்கை. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள், எது கெட்டாலும் ஆளைக் கூப்பிடு, புதுசு வாங்கு என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். ஒன்று ஓடவில்லை என்றால் என்ன மாறியது என்று கேட்டு, ஒன்றொன்றாகக் கழற்றி, ஒன்றொன்றாகத் திரும்பச் சேர்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் கையில் கொடுக்காது. ஒரு பழைய பொட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொடுக்கும். தப்பாகப் போட்ட பிள்ளையைத் திட்டாமல், அவனையே சரி செய்ய வையுங்கள்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை. டிஸ்ப்ளே நன்றாக வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஊர் போட்டோக்களை எல்லாம் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்கில் காப்பி எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.